நோய் இல்லாத வீட்டுக் கதவையும் தட்டுவது ஏன்?

"அம்மா, வீட்டில் எத்தனை பேர்? யாருக்காவது காய்ச்சல் உண்டா? சர்க்கரை நோய் உண்டா? குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்?"

நகரத்தில் குடியிருப்பவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டிருப்பீர்கள். 2020-ம் ஆண்டு கொரோனா பரவியபோது, சென்னையில் மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து காய்ச்சல், இருமல் பற்றி விசாரித்தார்கள். மருத்துவ ஆராய்ச்சி செய்கிறவர்களும் இப்படி நோட்டும் கையுமாக வருவது உண்டு.

அப்போது நம்மில் பலர் என்ன சொல்கிறோம்?

"எங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அடுத்த வீட்டுக்குப் போங்கள்!"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி விடுகிறோம். நோயாளியைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமே, நன்றாக இருப்பவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறோம்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், நன்றாக இருப்பவர் சொல்லும் பதிலும் உயிரைக் காக்கும்! அதை உலகத்துக்குக் காட்டிய சம்பவம் ஒன்று 1854-ம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பத்து நாளில் 500 சாவு

லண்டனில் சோஹோ என்று ஒரு பகுதி. கூலி வேலை செய்கிறவர்களும், கைத்தொழில் செய்கிறவர்களும் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்த இடம். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் இருந்தன.

அங்கே பிராட் தெரு என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் ஓர் அடிபம்பு இருந்தது. அதன் தண்ணீர் ருசியானது என்று பெயர் வாங்கியிருந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

1854 ஆகஸ்ட் 31-ந்தேதி அந்தப் பகுதியில் காலரா வெடித்தது. காலையில் நன்றாக இருந்தவருக்கு மதியம் வாந்தியும் பேதியும் வந்தது. மறுநாள் பிணமாகக் கிடந்தார். பத்தே நாட்களில் 500 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். முடிவில் சாவுக் கணக்கு 616!

உயிருக்குப் பயந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வேறு இடங்களுக்கு ஓடினார்கள்.

காலரா எப்படி வருகிறது? அந்தக் காலத்து டாக்டர்களில் பெரும்பாலோர், "கெட்ட காற்றினால் வருகிறது. சாக்கடை நாற்றத்தைச் சுவாசித்தால் வரும்" என்றார்கள். காலராக் கிருமியைப் பற்றி அப்போது டாக்டர்களுக்குத் தெரியாது.

ஆனால், ஒருவர் பிடிவாதமாக வேறு மாதிரி சொன்னார். அவர்தான் டாக்டர் ஜான் ஸ்நோ.

கதவைத் தட்டிய டாக்டர்

ஸ்நோ ஏழைத் தொழிலாளியின் மகன். 1813-ம் ஆண்டு பிறந்தவர். மயக்க மருந்து கொடுப்பதில் நிபுணர். 1853-ம் ஆண்டு விக்டோரியா ராணியின் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுத்தவர் இவரே!

"காலரா காற்றில் வருவதல்ல. தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிறது" என்பது அவர் கருத்து. சொன்னால் யார் நம்புவார்கள்? அதை நிரூபிக்க வேண்டுமே!

என்ன செய்தார் தெரியுமா?

சாவுப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். இறந்தவர்களின் பெயர், விலாசம் எல்லாம் எழுதி வாங்கினார். அந்தப் பட்டியலில் 83 பேர் இருந்தார்கள். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, காலரா தாண்டவமாடிய தெருக்களில் வீடு வீடாகப் புகுந்தார். "இறந்தவர் எந்தத் தண்ணீரைக் குடித்தார்?" என்று விசாரித்தார்.

83 பேரில் 73 பேர் பிராட் தெருப் பம்புக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். அவர்களில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று தெரிந்தது.

மீதிப் பத்துப் பேர்? அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு பம்பு இருந்தது. அந்த வீடுகளிலும் போய்க் கேட்டார். ஐந்து குடும்பத்தார், "எங்களுக்குப் பிராட் தெருத் தண்ணீர்தான் பிடிக்கும். அங்கிருந்துதான் எடுத்து வருவோம்" என்று சொன்னார்கள். இன்னும் மூன்று பேர் குழந்தைகள். அவர்கள் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பம்புக்கு அருகில் இருந்தது!

சாகாதவர்கள் சொன்ன சாட்சி

ஸ்நோ அதோடு நிற்கவில்லை. அதே பகுதியில் சாவு குறைவாக இருந்த இடங்களுக்கும் போனார்.

அங்கே ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. 535 பேர் தங்கியிருந்தார்கள். சுற்றிலும் சாவு. ஆனால், விடுதியில் காலராவுக்குப் பலியானவர்கள் ஐந்தே பேர். காரணம், அங்கே சொந்தக் கிணறு இருந்தது.

பிராட் தெருவிலேயே ஒரு பீர் ஆலை இருந்தது. 70 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை! அவர்களுக்கு ஆலையில் பீர் கிடைத்தது. ஆலைக்குள் சொந்தக் கிணறும் இருந்தது. தெருப் பம்பை அவர்கள் தேடிப் போகவே இல்லை.

அதே தெருவில் துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்துக் கொப்பி செய்யும் தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. அங்கே தொழிலாளர்கள் குடிப்பதற்காக இரண்டு தொட்டிகளில் பிராட் தெருப் பம்புத் தண்ணீரை நிரப்பி வைப்பார்கள். அங்கே 18 பேர் மாண்டார்கள்.

ஒரே தெரு, ஒரே காற்று. ஓர் இடத்தில் சாவு, இன்னோர் இடத்தில் சாவு இல்லை. வித்தியாசம் தண்ணீரில்தான்!

இன்னொரு செய்தி ஸ்நோவையே திகைக்க வைத்தது. பல மைல் தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விதவை அம்மாள் காலராவில் இறந்திருந்தார். அந்த ஊரில் காலராவே இல்லை! விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவில் இருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசியை மறக்க முடியாமல், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். அவரைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதே தண்ணீரைக் குடித்து, ஊர் திரும்பி மாண்டு போனாள்.

செப்டம்பர் 7-ந்தேதி மாலை ஸ்நோ ஊர் நிர்வாகிகளைச் சந்தித்துத் தம் கணக்கை எடுத்துச் சொன்னார். மறுநாளே பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது!

நம்பாத பாதிரியார்

கதை இங்கே முடியவில்லை. முக்கியமான கட்டம் இனிமேல்தான் வருகிறது.

அந்தப் பகுதியில் ஹென்றி ஒயிட்ஹெட் என்று ஓர் இளம் பாதிரியார் இருந்தார். ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். செத்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னவர். அவர் ஸ்நோ சொன்னதை நம்பவில்லை.

நம்பாததற்கும் காரணம் உண்டு. செத்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், சரி. பிழைத்தவர்களும் அதே தண்ணீரைக் குடித்திருப்பார்களே! செத்தவர்கள் எல்லாரும் ரொட்டியும்தான் தின்றார்கள். அதற்காக ரொட்டி கொன்றது என்று சொல்லிவிடலாமா?

சரியான கேள்வி! செத்தவர்களின் வீட்டில் மட்டும் விசாரித்தால் அது பாதிக் கணக்கு. தண்ணீரைக் குடித்துப் பிழைத்தவர்கள் எத்தனை பேர்? குடிக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது? இவ்வளவும் தெரிந்தால்தான் முழுக் கணக்கு.

ஸ்நோ சொன்னது தவறு என்று காட்டுவதற்காக ஒயிட்ஹெட் பிராட் தெருவில் வீடு வீடாகப் போனார். நோய் வந்த வீட்டுக்கும் போனார். வராத வீட்டுக்கும் போனார். சில வீடுகளுக்கு நாலைந்து தடவை நடந்தார்.

கிடைத்த கணக்கு இதுதான்:

பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் 137 பேர். அவர்களில் 80 பேருக்குக் காலரா வந்தது. அதாவது, 100-க்கு 58 பேர்.

பம்புத் தண்ணீரைக் குடிக்காதவர்கள் சுமார் 300 பேர். அவர்களில் காலரா வந்தது 20 பேருக்கு. அதாவது, 100-க்கு 7 பேர்.

58 எங்கே, 7 எங்கே! எதிர்க்கப் போன பாதிரியார், ஸ்நோ சொன்னதே உண்மை என்று ஒப்புக்கொண்டார்.

இதைக் கவனியுங்கள். நோய் வராத அந்த 280 பேர், "எங்களுக்குத்தான் ஒன்றும் இல்லையே, போங்கள்" என்று கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 7 என்ற எண் கிடைத்திருக்காது. அது இல்லாவிட்டால் 58 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தராசுக்கு இரண்டு தட்டு வேண்டும் அல்லவா? நோயாளி சொல்வது ஒரு தட்டு. நோய் இல்லாதவர் சொல்வது மறு தட்டு.

ஒரு தாய் சொன்ன உண்மை

பம்புத் தண்ணீரில் விஷம் எப்படிக் கலந்தது? அதையும் ஒயிட்ஹெட்தான் கண்டுபிடித்தார்.

சாவுப் பதிவுகளைப் புரட்டும்போது ஒரு கைக்குழந்தையின் மரணம் அவர் கண்ணில் பட்டது. பம்புக்கு எதிரே 40-ம் நம்பர் வீடு. காலரா வெடிப்பதற்கு முன்பே அந்தக் குழந்தைக்குப் பேதி கண்டிருந்தது. "காலரா" என்று எழுதாததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பாதிரியார் அந்தத் தாயைப் போய்ப் பார்த்தார். குழந்தையின் அசுத்தத் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்புறம் இருந்த கழிவுக் குழியில் ஊற்றியதாக அவள் சொன்னாள். தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கல் சுவர் இற்றுப் போயிருந்தது. அதற்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை! கழிவு நீர் கிணற்றில் கசிந்து கொண்டிருந்தது.

பம்பின் கைப்பிடி கழற்றப்பட்ட செப்டம்பர் 8-ந்தேதி அன்றே, அந்தக் குழந்தையின் தகப்பனாரும் காலராவில் படுத்தார், 19-ந்தேதி இறந்தார். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போகும். கைப்பிடி கழற்றப்படாமல் இருந்திருந்தால், ஜனங்கள் மறுபடியும் அந்த விஷத் தண்ணீரைக் குடித்திருப்பார்கள்!

வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லாத உண்மை, குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் மனதில் இருந்தது. ஒருவர் பொறுமையாகப் போய்க் கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள்.

காலராக் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி நம் கல்கத்தாவில் தனியாகப் பிரித்துக் காட்டியது 1884-ம் ஆண்டில். அதற்கு 30 ஆண்டு முன்னாலேயே, கிருமியைப் பார்க்காமலே, கதவைத் தட்டிக் கேட்டே அதன் வழியைக் கண்டுபிடித்து விட்டார்கள்.

"தெரியாது" என்றாலும் பரவாயில்லை

கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்? அதற்கும் ஸ்நோ வழி கண்டார்.

அதே 1854-ம் ஆண்டு, தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் விற்று வந்தன. சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனி, சாக்கடை கலந்த இடத்தில் தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852 முதல் மேல்பக்கம் போய் நல்ல தண்ணீரை எடுத்தது. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிக் குழாயும் ஓடின. ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனி, அடுத்த வீட்டுக்கு இன்னொரு கம்பெனி!

"உங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது?" என்று ஸ்நோ கேட்டார். குடக்கூலிக்காரர்கள் பலருக்குத் தெரியவில்லை. "பணம் கட்டுவது வீட்டுக்காரர்" என்றார்கள். ஸ்நோ சளைக்கவில்லை. ஒரு சீசாவில் தண்ணீர் வாங்கிப் போய்ச் சோதித்தார். ஒரு கம்பெனித் தண்ணீரில் உப்பு பல மடங்கு அதிகம். உப்பைக் கொண்டு கம்பெனியைக் கண்டுபிடித்தார்!

முதல் ஏழு வாரக் கணக்கு: அசுத்தத் தண்ணீர் பெற்ற வீடுகளில், 10,000 வீட்டுக்கு 315 சாவு. நல்ல தண்ணீர் பெற்ற வீடுகளில், 10,000 வீட்டுக்கு 37 சாவு.

ஆகவே, கேள்வி கேட்க வருகிறவரிடம் "தெரியாது" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதுதான் கெடுதல்.

நம் சென்னையில்

"அது காலரா, அந்தக் காலம். இப்போது என்ன?" என்று கேட்கலாம்.

இப்போது நம்மை அரிக்கும் சர்க்கரை நோய் காலராவைவிடத் தந்திரமானது. ஆரம்பத்தில் வலிக்காது, காய்ச்சல் அடிக்காது. "எங்கள் வீட்டில் நோயே இல்லை" என்று சொல்கிறவரின் உடம்பிலேயே ஒளிந்திருக்கும்! ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் பெயர் இருக்காது. அவரைத் தேடிப் போனால்தான் தெரியும்.

சென்னையில் 1996-ம் ஆண்டில் தொடங்கி இப்படி ஓர் ஆராய்ச்சி நடந்தது. திருமங்கலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பு. தியாகராய நகரில் ஏழைகள் வாழும் ஒரு குடியிருப்பு. இரண்டிலும் 20 வயதுக்கு மேற்பட்ட 1,399 பேரைக் கணக்கெடுத்தார்கள். 1,262 பேர் ஒத்துழைத்தார்கள். நடுத்தரக் குடும்பங்களில் 100-க்கு 12 பேருக்குச் சர்க்கரை நோய். ஏழைக் குடும்பங்களில் 100-க்கு 6 அல்லது 7 பேருக்கு.

உட்கார்ந்த வேலை, உடம்பை அசைக்காத வாழ்க்கை இவையெல்லாம் சர்க்கரை நோய்க்குக் கதவைத் திறந்து விடுகின்றன என்று டாக்டர்கள் நடுத்தரக் குடியிருப்பு மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். நடக்க ஆரம்பித்தார்கள்! முதல் கணக்கெடுப்பின்போது, வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 100-க்கு 14 பேர்தான். பின்னால் மறுபடி கணக்கெடுத்தபோது அது 100-க்கு 59 பேர் ஆகிவிட்டது.

கணக்கு எடுத்தார்கள், பூங்கா முளைத்தது!

ஒரு பானை சோறு

பெரிய நகரத்தில் எல்லா வீட்டுக்கும் போக முடியுமா? முடியாது. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். அதே வழிதான். 2001-ம் ஆண்டில் தொடங்கிய இன்னொரு சென்னை ஆராய்ச்சியில், அப்போதிருந்த 155 வார்டுகளில் 46 வார்டுகளைப் பொறுக்கி, 26,001 பேரைச் சோதித்தார்கள்.

ஆனால், பானையை நன்றாகக் கிளறிவிட்டுத்தான் பதம் பார்க்க வேண்டும். மேலாக உள்ள சோற்றை மட்டும் பார்த்தால் அடியில் இருப்பது தெரியாது. அதனால்தான் வசதியான வீடு, தெரிந்த வீடு, சிரித்த முகத்தோடு கதவைத் திறக்கும் வீடு என்று பார்த்துப் போகக் கூடாது. எந்த வீடு என்பதை முன்கூட்டியே ஒரு முறைப்படி முடிவு செய்கிறார்கள்.

வீடு பூட்டியிருந்தால் மறுபடி வருகிறார்கள். பகலில் பூட்டியிருப்பது யார் வீடு? கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடு. அதை விட்டுவிட்டால், உழைக்கிறவர்களின் உடல்நிலை கணக்கிலேயே வராது. "போன வாரம்தானே வந்தீர்கள்?" என்று கோபிக்க வேண்டாம். ஒயிட்ஹெட் பாதிரியார் நாலைந்து தடவை நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

வருகிறவர்கள் மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டுமா? நீங்களும் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்!

முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நிறுவனம், எதற்காக ஆராய்ச்சி, நம் பதிலை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து விசாரியுங்கள்.

ஆராய்ச்சியில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் சம்மதத்தைப் பெற்ற பிறகே கேள்வி கேட்க வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டும். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பாதியில் நிறுத்தியும் விடலாம். நீங்கள் சொன்னதை உங்கள் பெயரோடு வெளியிடக் கூடாது. ரத்தம் எடுத்தால், "முடிவு என்ன? எனக்கு எப்போது சொல்வீர்கள்?" என்று கேளுங்கள்.

குடிப்பழக்கம், மாதவிலக்கு, குடும்பச் சண்டை போன்ற விஷயங்களை மாமியார் எதிரிலோ, பக்கத்து வீட்டுக்காரர் எதிரிலோ சொல்ல முடியாமல் இருக்கலாம். "தனியாகப் பேசலாமா?" என்று கேளுங்கள். பொய் சொல்வதைவிட அது நல்லது.

ஒரு எச்சரிக்கை! பாங்கிக் கணக்கு எண், செல்போனுக்கு வரும் ரகசிய எண், பணம் இவற்றில் எதுவுமே உடல்நல ஆராய்ச்சிக்குத் தேவை இல்லை. இவற்றைக் கேட்டால், வந்தவர் ஆராய்ச்சிக்காரர் அல்ல, ஏமாற்றுக்காரர். உடனே கதவைச் சாத்துங்கள்!

மற்றபடி, பதில் சொல்ல ஆகும் நேரம் சிறிது. "ஒன்றும் இல்லை" என்பதும் ஒரு பதில்தான். ஆனால், அதைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துச் சொல்லாமல், கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தராசின் மறு தட்டில் வைக்க வேண்டிய எடைக்கல், நோய் இல்லாத உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.